மூன்றாவது டேக்கில் சொன்னது

ஜவாஹிர் டீவியில் வரப்போகிறார் என்பது தெரியாத ஆளே உக்குவளையில் இல்லை. தெரியாமல் இருக்க மனுசன் விட்டால்தானே! மிளகு கொண்டுவந்தவர்களிடம் சொன்னார், கராம்பு வாங்கப் பலாபத்வலையிலிருந்து வந்த வியாபாரியிடம் சொன்னார், தராசில் சாதிக்காயைக் கொட்டும்போதுகூட, "ஞாயித்துக்கிழம ஏழரைக்கு, மறந்திராதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் படிக்கல்லை எடுத்து வைத்தார். இப்படி ஊரையே கூட்டி வைத்தவரிடம், அதே ஞாயிறு எட்டரை மணிக்கு உங்கள் சொந்த மனைவி உங்களைக் கண்டதும் அந்நிய ஆணைக் கண்டவள் மாதிரி முக்காட்டை இழுத்து மூடிக்கொள்வாள் என்று யாராவது சொல்லியிருந்தால், விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

அந்த மனைவி றமீஸாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

விசயத்தை முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும். 'ஊருக்கு ஒரு வழக்கு' என்று ஒரு தொடர். வசந்தி என்கிற பெண் சட்டத்தரணி வாரம் ஒரு ஊருக்குப் போவாள், அங்கே ஒரு புருசன் பெண்சாதி சண்டையைத் தீர்த்து வைப்பாள். வசந்தியாக நடிப்பவள் மட்டும்தான் நிரந்தரம். சண்டை போடுகிற இரண்டு பேரும் அந்த வாரத்துக்கு மட்டும் வருகிறவர்கள். தொடக்கத்திலேயே 'கௌரவ நடிகர்' என்று பெரிய எழுத்தில் பெயர் போடுவார்கள். இவர்களுடைய மகள் நுஸ்லா அந்தத் தொடரில் ஒரு எபிசோட் விடமாட்டாள். எங்கள் வீட்டு முன்ஹோல் பெரியது, பழைய காலத்துக் கதிரைகள் இருக்கின்றன என்று அவள்தான் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டாள். பிறகென்ன, டைரக்டர் சசிக்குமார் வந்தார், வீட்டைப் பார்த்தார், ஜவாஹிரின் குரலைக் கேட்டார். நிக்காஹ் வீடுகளில் மைக் பிடிக்கிற குரல் அது. "வீட்டோட சேத்து நீங்களும் வேணும் சேர்" என்று சொல்லிவிட்டார். இருபத்திமூன்றாம் எபிசோட் இப்படித்தான் உக்குவளைக்கு வந்தது.

ஜவாஹிருக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் வசனம் மட்டும் தலையில் ஏறவேயில்லை. ஒரு கிழமையாகக் குசினியில் வைத்து றமீஸாதான் சொல்லிக் கொடுத்தாள். அவள் தேங்காய் துருவிக்கொண்டே வசந்தியாகவும் பேசுவாள், மனைவியாகவும் பேசுவாள், அவர் மறந்த இடத்தில் அவராகவும் பேசுவாள்.

படப்பிடிப்பன்று கொழும்பிலிருந்து மனைவியாக நடிக்க ஒரு நடிகை வந்து இறங்கியபோதுதான் மனுசனுக்கு மார்க்கம் ஞாபகத்துக்கு வந்தது. "அந்நியப் பொம்பளயப் பாத்து என்ட பொஞ்சாதிண்டு சொல்ல ஏலாது. எனக்கு அது சரிவராது" என்று ஒரே பிடியாக நின்றார். சசிக்குமார் தலையைச் சொறிந்தார். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். இரண்டு பேரும் நேருக்கு நேர் வருவது ஒரேயொரு காட்சியில்தான். அதில் மனைவியின் முதுகும் முக்காடும்தான் தெரியும். அந்தக் கதிரையில் சேரின் சொந்த மனைவியே உட்காரட்டும், நடிகையின் முகத்தைத் தனியாக எடுத்துக்கொள்ளலாம்.

எல்லோருக்கும் சந்தோசம். ஒரு பாவத்திலிருந்து தப்பிவிட்டோம் என்று றமீஸா அன்றைக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் வட்டிலாப்பம் கொடுத்தாள். அந்தக் காட்சியில் புருசன் என்ன சொல்ல வேண்டும் என்பது இரண்டு பேருக்கும் மனப்பாடம். அதை யாரைப் பார்த்துச் சொல்லப் போகிறார் என்று மட்டும் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. அல்லாஹ்வே, கண்ணைத் திறந்துகொண்டே கிணற்றில் விழுவது என்றால் இதுதான்.

அது நோன்புக்கு முந்திய மாதம். ஹஜ்ஜுப் பெருநாளும் போய், இரண்டாவது ஞாயிற்றுக்கிழமைதான் எபிசோட் வந்தது.

முன்ஹோல் நிறையச் சனம். நல்ல கதிரையில் மபாஸா மாமி உட்கார்ந்திருந்தார். ஜவாஹிருடைய வாப்பாவின் தங்கச்சி. மதிலுக்கு அந்தப் பக்கத்து வீடு. காது மந்தம் என்பதால் மாமி டீவி போட்டால் இந்த வீட்டுக் குசினி வரைக்கும் கேட்கும். மற்றப்படி கண்ணும் வாயும் நல்ல கூர்மை. 'கௌரவ நடிகர்: எம். ஜவாஹிர், உக்குவளை' என்று எழுத்து வந்ததும் கைதட்டல் கிளம்பியது. ஜவாஹிர் வெட்கப்படுவதுபோல முகத்தை வைத்துக்கொண்டார். அதுவாவது நடிப்பென்று சொல்லலாம்.

பிறகு அந்தக் காட்சி வந்தது. திரை முழுக்க ஜவாஹிரின் முகம். கண் சிவந்திருந்தது, உதடு நடுங்கியது, கன்னத்துச் சதை தனியாகத் துடித்தது. எதிரே ஒரு முக்காட்டின் பின்பக்கம் மட்டும் தெரிந்தது. "ஒன்னத் தலாக் சொல்றேன்" என்றார். இன்னொரு தரம் சொன்னார். மூன்றாம் தரம் சொன்னபோது குரல் உடைந்தே போயிற்று. விளம்பரம் வந்ததும்தான் சனம் மூச்சு விட்டது. ஜவாஹிரின் போன் அடித்தது, அவர் பேசிக்கொண்டே வெளியே போனார்.

"மிச்சம் நல்லா ஈக்கிது" என்றார் மபாஸா மாமி. "அது சரி, அந்தக் கதிரையில முதுகக் காட்டிக்கிட்டு ஈக்கிறது ஆரு?"

"உம்மாதான்!" என்றாள் நுஸ்லா. நாலு மாதமாக அடக்கி வைத்திருந்த ரகசியம், பாவம், அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

மாமியின் முகம் மாறியது. "சொந்தப் பொஞ்சாதிய முன்னால வெச்சா இந்தப் புள்ள சொன்னான்? மூணு தரமும்?" நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். "வெளாட்டுக்குச் சொன்னாலும் உண்மையா நிக்கிற விசயம் மூணு ஈக்கிதே றமீஸா. நிக்காஹ், தலாக், விட்ட பொஞ்சாதியத் திருப்பி எடுக்கிறது. ஓதப் போன காலத்துல படிச்சதுதானே எல்லாரும்?"

எல்லோரும் படித்ததுதான். அதனால்தான் ஒவ்வொருவராக எழுந்து செருப்பைத் தேடினார்கள். தொடரின் மீதிப் பாதி வெறும் கதிரைகளுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

ஜவாஹிர் சிரித்த முகத்தோடு உள்ளே வந்தபோது றமீஸாவின் கை தானாகவே எழுந்து முக்காட்டை நெற்றி வரைக்கும் இழுத்தது. பத்தொன்பது வருசம். இந்த மனுசனுக்கு முன்னால் அவள் ஒருநாளும் தலையை மூடியதில்லை.

"என்ன, குளிருதா?" என்றார்.

அவள் நுஸ்லாவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

படுத்தாளே தவிரக் கண் மூடவில்லை. மூன்று தலாக்கும் உண்மையாகவே நின்றுவிட்டால் கதை முடிந்தது. நாளைக்கே மன்னிப்புக் கேட்டுச் சேர்ந்துகொள்கிற சங்கதி இல்லை அது. அப்படியென்றால் நாலு மாதமாக ஒரே கட்டிலில் கிடந்தது என்ன கணக்கு? நோன்பு பிடித்தது, பெருநாளைக்குப் புது உடுப்பு எடுத்துத் தந்தது, அதெல்லாம்? "யா அல்லாஹ், யா அல்லாஹ்" என்பதற்கு மேல் அவளால் எதையும் கேட்க முடியவில்லை.

ஆனால் உள்ளுக்குள் அவளைத் தின்றது வேறொன்று. அது மாமிக்குத் தெரியாது.

முதல் டேக்கில் ஜவாஹிர் அந்த வசனத்தை மிளகு விலை சொல்வதுபோலச் சொன்னார். இரண்டாவதில் பாதியில் சிரித்துவிட்டார். சசிக்குமாருக்குப் பொறுமை போய்விட்டது. "சேர், அவங்க செஞ்ச ஏதாவது ஒண்ண நினைச்சுக்குங்க. இன்னைக்கு வரைக்கும் உங்களால மன்னிக்க முடியாதது ஏதாவது இருக்கும்ல? அத நினைச்சுக்கிட்டு, அவங்க முகத்தப் பாத்துச் சொல்லுங்க" என்றார்.

அந்த நிமிசத்தில் அவருடைய முகம் மாறியதை இரண்டு முழத் தூரத்திலிருந்து றமீஸா பார்த்தாள். என்ன நினைத்தார் என்பதும் அவளுக்குத் தெரியும். வேறு எதுவாக இருக்க முடியும்?

மூன்று வருசத்துக்கு முன் அவருடைய உம்மா மௌத்தானார். அன்று காலையில் இவர் லக்கலைப் பக்கம் சோளமும் எள்ளும் வாங்கப் போயிருந்தார். பிற்பகல் மூன்று மணிக்குத்தான் அவருக்குச் செய்தி எட்டியது. வந்து சேரும்போது மஃரிப் தொழுகை நேரமும் தாண்டிவிட்டது. உம்மாவைக் குளிப்பாட்டிக் கபனிட்டு வைத்திருந்தார்கள். அவர் யாரையும் திட்டவில்லை, முன்னமே ஏன் அறிவிக்கவில்லை என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. அன்றிலிருந்து றமீஸாவிடம் உம்மா என்ற சொல்லையே எடுக்கவில்லை. அந்த மௌனத்தோடு மூன்று வருசம் குடும்பம் நடத்தியவள் அவள். மூன்றாவது டேக்கில் அதுதான் வெளியே வந்தது. படப்பிடிப்பு முடிந்து நாலு நாள், இடுப்பு வலி என்று சொல்லி அவர் ஹோலிலேயே பாய் போட்டுப் படுத்ததும் இப்போது ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது.

நடிப்பென்றால் ஒரு வழி இருக்கலாம். மனசறிந்து சொன்னதென்றால்?

திங்கட்கிழமை காலையில் தேத்தண்ணியை நுஸ்லாவின் கையில் கொடுத்தனுப்பினாள். ஜவாஹிர் அதைப் பாதி குடித்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். நுஸ்லா பள்ளிக்கூடம் போனாள்; டியூசன் முடிந்து வர நாலு மணியாகும். றமீஸா அபாயாவை மாட்டிக்கொண்டு, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் பெண்களுக்கு ஓதிக்கொடுக்கிற ஸரீனா மௌலவியாவின் வீட்டுக்கு நடந்தாள். அவருடைய புருசன் மார்க்கச் சட்டம் படித்த ஹஸ்ரத். ஆண்களிடம் வாய் திறந்து கேட்க முடியாததை ஊர்ப் பெண்கள் இப்படித்தான் கேட்பார்கள்.

எல்லாவற்றையும் சொன்னாள். ஜவாஹிருடைய உம்மாவின் கதையையும் சொன்னாள். மௌலவியா உள்ளே போய் வெகு நேரம் கழித்து வந்தார்.

"ஹஸ்ரத் சொல்றாரு, இன்னொருத்தர்ட கதைய எடுத்துச் சொல்றது புத்தகம் வாசிக்கிற மாதிரித்தானாம். அத வெளாட்டோட சேக்க ஏலாதாம்" என்றார்.

றமீஸாவுக்கு மூச்சு வந்தது. அது முழுதாக வருவதற்குள் மௌலவியா கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆனா நீங்க அந்தக் கோவத்தப் பத்திச் சொன்னீங்கதானே. அந்த நேரம் அவர்ட மனசுல ஒங்கள விடுற நிய்யத் இருந்திச்சாண்டு அவர்தான் சொல்லோணுமாம். அல்லாஹ்வ முன்ன வெச்சிக் கேளுங்க. அவர் என்ன சொல்றாரோ அதுக்குப் பொறகுதான் மத்தது."

வேறு யாராவது என்றால் இதற்கு ஏன் பயப்பட வேண்டும்? இல்லை என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். ஜவாஹிர் அப்படியில்லை. சாதிக்காய் காய்ந்தது என்று அல்லாஹ் பெயரால் ஒரு வார்த்தை சொன்னால் வாங்கிக்கொள்கிறேன் என்று ஒரு பெரிய வியாபாரி நின்றபோது, "மேல்ப்பக்கம் காஞ்சிருக்கி, அடியில ஈரம்" என்று சொல்லி அந்த வியாபாரத்தையே விட்டவர். அந்த வாய் பொய் சொல்லாது. அவளுடைய பயமே அதுதான். ரயில் பாதையோரமாக அவள் வீட்டுக்குத் திரும்பினாள்.

லுஹர் தொழுகை முடிந்து ஜவாஹிர் சாப்பிட வந்தார். மேசையில் சோறும் கறியும் மூடி வைத்திருந்தது. றமீஸா குசினி வாசல் திரைக்குப் பின்னால் நின்றாள்.

"ஒரு விசயம் கேக்கோணும்" என்றாள். "அல்லாஹ்வுக்காக உண்மையச் சொல்லுங்க. மூணாவது தரம் எடுக்கக்குள்ள நீங்க அதச் சொன்னீங்கதானே. அந்த நேரம், என்னய விடோணுமெண்டு ஒங்கட மனசுல ஈந்திச்சா?"

மூடியைத் தூக்கிய கை அப்படியே நின்றது. இல்லை என்று அவர் உடனே சொல்லவில்லை. சொல்லவேயில்லை! றமீஸா திரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது பார்த்து மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து தொடரின் சத்தம் கிளம்பியது. திங்கட்கிழமை மத்தியான மறு ஒளிபரப்பு, பாதி ஓடியிருந்தது. மபாஸா மாமி அப்போதுதான் டீவியைப் போட்டு முழுச் சத்தத்தில் வைத்திருந்தார். இந்த மனுசிக்கு நேற்றுப் பார்த்தது போதாதா! வசந்தி பேசினாள், நடிகை அழுதாள், ஒவ்வொரு வார்த்தையும் சுவரைத் தாண்டி வந்தது. அடுத்தது என்ன என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஒருத்தராலும் அசைய முடியவில்லை.

"ஒன்னத் தலாக் சொல்றேன்" என்றது ஜவாஹிரின் குரல், அவருடைய சொந்த வீட்டுக்குள்.

றமீஸா திரை இடுக்கால் பார்த்தாள். மூடி கையிலிருந்து நழுவி மேசையில் உருண்டது. அவருடைய உதடு நடுங்கியது. கண் சிவந்து கன்னத்துச் சதை தனியாகத் துடித்தது. நேற்று டீவியில் பார்த்த அதே முகம், மயிரிழை மாற்றமில்லை. இரண்டாம் தரம் குரல் கேட்டபோது காதுகளைக் கைகளால் பொத்திக்கொண்டார். மூன்றாம் தரத்துக்குக் கண்ணையும் மூடிக்கொண்டார்.

கோபக்காரன் காதைப் பொத்துவானா? நேற்று ஊர் முழுக்க மூச்சடக்கிப் பார்த்தது கோபமே இல்லை. அது பயம். இந்த மனுசன் அன்றைக்கும் இப்படித்தான் பயந்து செத்திருக்கிறார்.

விளம்பரம் வந்த பிறகுதான் அவர் கையை எடுத்தார்.

"கோவம் ஈந்திச்சி" என்றார். "பொய் சொல்ல மாட்டேன். அந்தாளு நினைக்கச் சொன்னதும் உம்மாட நாள்தான் வந்திச்சி. மூணு வருசக் கோவமும் ஒண்டா வந்திச்சி. அதோடதான் ஒங்கட முகத்தப் பாத்தேன்."

அவர் திரைப் பக்கம் திரும்பினார்.

"பாத்தா நீங்க வாய அசைச்சிக்கிட்டு ஈக்கிறீங்க. வசனம் எனக்கு மறந்திருமெண்டு, சத்தமில்லாம எனக்குச் சொல்லித் தந்துக்கிட்டு ஈந்தீங்க. குசினியில சொல்லித் தந்த மாதிரியே. நான் ஒங்கள விடுற வார்த்தைய நீங்களே எனக்குச் சொல்லித் தாறீங்க! நான் ஒங்கள விட மாட்டேனெண்டு அவ்வளவு நம்பிக்க!" என்றார். "கோவம் எங்க போச்சிண்டே தெரியல்ல. இது உண்மையா நிண்டிருமோண்டு அந்த நிமிசம்தான் பயம் பிடிச்சிச்சி. நிப்பாட்டுங்கண்டு சொல்ல வாய் வரல்ல. ஒங்கட வாயப் பாத்து ஓதுற புள்ள மாதிரிச் சொல்லி முடிச்சேன். விடுற நிய்யத் என்ட மனசுல வரல்ல றமீஸா, ஒரு நிமிசம்கூட வரல்ல. அல்லாஹ் சாட்சி."

"அப்ப அந்த நாலு நாள்? இடுப்பு வலிண்டு வெளியில படுத்தது?"

"இடுப்புக்கு ஒண்டுமில்ல. மாத்தளைக்குப் போய் ஒரு பெரிய ஆலிம்ட்டக் கேட்டேன். அவர் கித்தாபுகள் பாத்துச் சொல்ல நாலு நாளாச்சி. அவர் ஒண்டுமில்லண்டு சொன்ன பொறகுதான் உள்ளுக்கு வந்தேன். ஒங்களையும் பயப்படுத்துவானேண்டு சொல்லல்ல."

நாலு நாள் ஒருவர் தனியாகப் பயந்திருக்கிறார். ஒரு முழு இரவு இன்னொருவர் தனியாகப் பயந்திருக்கிறார். நடுவில் இருந்தது ஒரு கதவு மட்டும்தான். என்ன குடும்பம் நடத்தினோம் என்று றமீஸாவுக்கு ஆத்திரமாக வந்தது. ஆத்திரத்தோடு அழுகையும் வந்தது.

"நீங்க ஒண்டு கேட்டீங்க, நான் சொன்னேன்" என்றார் ஜவாஹிர். "இப்ப நான் ஒண்டு கேக்கிறேன். அண்டைக்கு உம்மாக்கு ஒடம்புக்கு ஏலாதெண்டு ஒங்களுக்குக் காலையிலயே தெரிஞ்சிருக்கி. ஏன் எனக்குக் கோல் எடுக்கல்ல?"

"எட்டு மணிக்கே எடுத்தேன்" என்றாள். "பதினொரு தரம் எடுத்தேன். ஒங்கட போன் அடிக்கவேயில்ல. லக்கலயில சிக்னல் ஈக்கிதா? மூணு மணிக்கு நீங்க பஸ் ஏற ரோட்டுக்கு வந்த பொறகுதான் கெடச்சிச்சி."

அவர் தலையைத் தூக்கினார். "இத்தன நாளா ஏன் சொல்லல்ல?"

"அண்டைக்குக் காலையில நான் போக வேணாமெண்டு சொன்னேன், நீங்க போனீங்க. நான் கோல் கதையச் சொன்னா, அந்தக் குத்தமும் ஒங்களுக்குத்தான் வந்து சேரும். நீங்க கேட்டாச் சொல்லுவோமெண்டு ஈந்தேன். நீங்க கேக்கல்லயே."

ஜவாஹிர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். உம்மாவுக்காக அவர் வாய்விட்டு அழுததை அந்த வீடு அன்றைக்குத்தான் கேட்டது. றமீஸா திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். முக்காடு தோளில் கிடந்தது. அதை அவள் எடுத்துப் போடவில்லை. எதிர்க் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

மேசையில் கிடந்த போன் அடித்தது. ஜவாஹிர் முகத்தைத் துடைத்துக்கொண்டு அதைப் பார்த்தார். சசிக்குமார். எடுக்கவா என்பதுபோல மனைவியைப் பார்த்தார். றமீஸாவே எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"சேர், பிச்சு உதறிட்டீங்க! ஆபீஸ்ல எல்லாரும் உங்களப் பத்தித்தான் பேசுறாங்க. அந்தத் தலாக் சீன்ல என்னா நடிப்பு சேர், கண்ணுலயே தீ! முப்பதாவது எபிசோட் நாலந்தாவுல எடுக்கிறோம். நீங்கதான் திரும்ப வரணும்."

ஜவாஹிர் வாயைத் திறப்பதற்குள் றமீஸா போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இல்ல தம்பி" என்றாள். "இவருக்கு நடிக்கத் தெரியாது."

போனை வைத்துவிட்டு, உருண்டு கிடந்த மூடியை எடுத்து ஓரமாக வைத்து, அவருக்குச் சோறு போட்டாள்.